சுவரோரத் தொட்டி

பிறந்தநாள் விருந்து முடிந்து கிளம்புகிறவர்களுக்கு வாசலில் வைத்து ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார்கள். டப்பாவுக்குள் ஒரு டம்ளர் தண்ணீர், அதற்குள் ஒரு ஃபைட்டர் மீன். மூடியில் ஊசியால் குத்திய துளைகள். பிள்ளைகள் டப்பாவை ஆட்டிக்கொண்டே ஓடினார்கள். ஜெமிமாவுக்கு அதை வாங்கப் பிடிக்கவில்லை. ஆனால் கொடுத்தவர் அவளோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். அவர் மகளுக்குத்தான் பிறந்தநாள். வேண்டாம் என்றால் வருத்தப்படுவார். வாங்கிக்கொண்டாள்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் வாங்கிக்கொண்டே நாற்பது வயதைத் தாண்டியவள் அவள். பிறந்து வளர்ந்தது விக்கிரமசிங்கபுரத்தில். அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. வரிசை வீடுகளில் ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த ஆள் பகலில் தூங்குவான் என்பதால், பிள்ளைகளின் சத்தத்தை வாய்க்குள்ளேயே அமுக்கி வளர்த்தார்கள். மற்ற பிள்ளைகள் வளர்ந்ததும் சத்தத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஜெமிமா எடுக்கவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. படுக்கையில் விழுந்த அம்மாவைக் கடைசிவரை பார்த்தாள். அதில் கல்யாண வயது போய்விட்டது என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று பாடுவாள். அவள் குரலைத் தனியாகக் கேட்டவர்கள் யாருமில்லை.

அம்மா போனபிறகு மாறி மாறி வாடகை வீடு. ஒரு வீட்டில் மழை ஒழுகியது. பாத்திரம் வைத்துப் பார்த்தாள், பிறகு காலி செய்தாள். இன்னொரு வீட்டில் சொந்தக்காரர் மகன் அவள் சன்னலுக்கு நேராக நின்றுதான் சிகரெட் பிடிப்பான். அதையும் சொல்லாமல் காலி செய்தாள். ஏன் போகிறாள் என்று எந்த வீட்டுக்காரருக்கும் தெரியாது. எல்லாருக்குமே அவள் நல்ல குடித்தனக்காரி.

மகாராஜநகரில் இப்போது இருக்கும் கீழ்வீடு அப்படிப்பட்டதல்ல. மாடியில் சொந்தக்காரர் நெல்லையப்பனும் அவர் மனைவி சொர்ணாம்பாளும். அவர் கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் வெளிநாட்டில். சொர்ணாம்பாள் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் கீழே இறங்கும். ஜெமிமாவுக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து தலையைப் பிடித்துவிட்டாள். "ஏளா, ஒத்தையில கெடந்து என்னத்துக்கு வேகுத, ஒரு சத்தம் குடுத்தா வரமாட்டனா" என்றாள். அம்மாவுக்குப் பிறகு அவள் தலையைத் தொட்ட கை அது. இந்த வீட்டைவிட்டுப் போக நேரக்கூடாது என்று ஜெமிமா உள்ளுக்குள் ஜெபித்துக்கொள்வதுண்டு.

மீனை ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு மாற்றி அடுக்களை மேடையில் வைத்தாள். கருநீல உடம்பு, சிவந்த செட்டை, பட்டுத்துணி போல விரியும் வால். இரண்டு நாள் விரித்துக் காட்டியது. பிறகு சுருட்டிக்கொண்டு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அலுவலகத்தில் மற்றவர்களுக்குக் கிடைத்த மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. சாப்பாட்டு இடைவேளையில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். "ஒன்னுது இன்னும் சாவலையா ஜெமிமா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியோடு தினமும் வீட்டுக்கு வந்து முதலில் பாட்டிலைத்தான் பார்ப்பாள். அடியில் கிடந்தபடியே செவுளை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கும். ஒரு சத்தமும் இல்லாமல் ஒரு உயிர் கண்ணெதிரே குறைந்துகொண்டு வருவதை அவள் ஏற்கெனவே ஒரு தடவை வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறாள்.

முருகன்குறிச்சியில் அலி அஸ்கரின் வளர்ப்பு மீன் கடைக்குப் போனாள். மேலப்பாளையத்துக்காரன், முப்பது வயதிருக்கும்.

"ஃபைட்டர்தானக்கா, இந்தக் கண்ணாடிக் கிண்ணம் போதும்" என்று பந்து போன்ற ஒன்றை எடுத்து வைத்தான். "அது மேல வந்து காத்தக் குடிச்சுக்கிடும். மோட்டாரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"இல்ல தம்பி, அது அடியிலயே கெடக்கு."

"உசுரோட இருக்கதுக்கா, நல்லா இருக்கதுக்கா கேக்கிய?"

"நல்லா இருக்கதுக்கு."

அவன் கிண்ணத்தைத் திரும்ப அலமாரியில் வைத்தான். "அப்பம் தொட்டிதான் வேணும்."

இரண்டு குடம் தண்ணீராவது கொள்ள வேண்டும் என்றான். தண்ணீர் குறைவாக இருந்தால் அதன் கழிவே அதற்கு விஷமாகிவிடும். பார்க்க அழகாக, உயரமாக, ஒடுக்கமாக ஒரு தொட்டி இருந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். வேண்டாம் என்றான். மேலே வந்து மூச்சு விடுகிற சாதி. ஏறி ஏறி இறங்கிச் சோர்ந்துபோகும். நீளமாக, தாழ்வாக இருந்ததைக் காட்டினான். குதித்து வெளியே விழுந்துவிடும் என்பதால் மூடி இருக்க வேண்டும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்றுக்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும். பில்டருக்கு, தண்ணீருக்குள்ளேயே முக்கி வைக்கிற சின்ன மோட்டார் ஒன்றைக் கொடுத்தான். "இருக்கதுலயே சின்னது இதான்" என்றான்.

தொட்டியை எதன்மேல் வைப்பது என்று ஜெமிமா யோசித்துக்கொண்டிருந்தபோது சொர்ணாம்பாளே மாடியிலிருந்து ஒரு இரும்பு ஸ்டாண்டை இறக்கினாள். பழைய டிவியைத் தாங்கியிருந்தது. பிளக் பாயிண்டு பின்னறைச் சுவரில்தான் இருந்ததால் ஸ்டாண்டைச் சுவரோடு ஒட்டிப் போட்டார்கள். சுவருக்கு அந்தப்பக்கம் புறவாசல்.

"இங்கன சுவர் கொஞ்சம் ஓதம் காத்துதான் கெடக்கு" என்று சொர்ணாம்பாள் கையால் தடவிப் பார்த்தாள். சுண்ணாம்பு உதிர்ந்தது. "வருசா வருசம் மழைக்கு இப்படித்தான். வெயிலடிச்சாக் காஞ்சுரும்." பிறகு அந்தக் கையை உதறிக்கொண்டாள். "இந்த மழைக்காலம் வந்தா எனக்குக் காலையில கை ரெண்டும் மதமதன்னு மரத்துப் போவுது ஜெமிமா. வயசாயிட்டுல்லா. எண்ணெய் போட்டுத் தேச்சாலும் கேக்க மாட்டேங்குது."

ஜெமிமா தைலம் ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னாள்.

குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீரில் பிளீச்சிங் வாடை அடிக்கும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்து, வாடை போனபிறகு தொட்டியில் ஊற்றினாள். மீன் முதலில் ஓரத்திலேயே நின்றது. மோட்டாரைப் போட்டதும் அதன் நீண்ட வாலைத் தண்ணீர் பிடித்து இழுத்தது. எதிர்த்து நீந்தும், தள்ளிக்கொண்டு போய்க் கண்ணாடியில் ஒட்டவைக்கும், திரும்ப நீந்தும். ஒரு வாரத்தில் வாலின் விளிம்பு கிழிந்து நூல் நூலாகத் தொங்கியது. மோட்டாருக்குப் பின்னால் இருக்கும் சின்ன இடுக்கில் போய் ஒளிந்துகொண்டது. நல்லது செய்யப்போய் அதை வதைக்கிறோமோ என்று அவளுக்குப் பட்டது.

அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

ஒரு சனிக்கிழமை காலை பழைய தண்ணீரில் கொஞ்சத்தைக் கோரி எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றியது விளிம்பில் வழிந்து, கண்ணாடியெல்லாம் நனைந்து, ஸ்டாண்டிலிருந்து தரைக்குச் சொட்டியது. வெறுங்காலோடு ஈரத்தில் நின்றபடி கையை உள்ளே விட்டாள். கட்டெறும்பு வரிசையாகக் கடித்தது போல முழங்கை வரை ஏறியது. கையை இழுத்துக்கொண்டாள். மீன் தூரத்து மூலையில் கண்ணாடியோடு ஒட்டி நின்றது.

மோட்டார்தான் காரணம் என்று நினைத்தாள். பிளக்கைப் பிடுங்கி, துணி எடுத்து வந்து தரையைத் துடைத்து, பயந்து பயந்து ஒரு விரலை வைத்தாள். ஒன்றும் இல்லை. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்த சத்தம் அதற்குள் நின்றிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். அலி அஸ்கர் பில்டரை வாளித் தண்ணீரில் முக்கி ஓடவிட்டு டெஸ்டரை வைத்துப் பார்த்தான். விளக்கு எரியவில்லை. வயரை விரலால் தடவிப் பார்த்தான், எங்கும் வெடிப்பில்லை. கையையும் விட்டுப் பார்த்தான்.

"இதுல ஒண்ணும் இல்லக்கா."

"எனக்குச் சுள்ளுன்னு இருந்துச்சு, தம்பி. தப்பா நெனைச்சுக்கிடாதிய."

"ஒங்களுக்குப் பயமா இருந்தா வேண்டாம். இது வாலையும் கிழிச்சிருக்கு, நாந்தான் யோசிக்காமக் குடுத்துட்டேன்." அவன் பஞ்சு பில்டர் ஒன்றை எடுத்தான். கறுப்புப் பஞ்சு, அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய். காற்று தள்ளுகிற சின்ன பம்ப் வெளியே இருக்கும். குழாய் மட்டும் தண்ணீருக்குள் போகும். "பம்பைத் தண்ணி மட்டத்துக்கு மேல மாட்டுங்க. கரண்டு போச்சுன்னா தண்ணி பின்னால ஏறி வந்துரும். காத்தப் பைய விடுங்க, முட்டை முட்டையா வந்தாப் போதும். வயர்னு ஒண்ணு உள்ள இல்ல பாத்தியளா, இனிப் பயமே இல்ல."

பஞ்சு பில்டர் மீனுக்குப் பிடித்துப்போனது. தண்ணீர் அசையாமல் அசைந்தது. இடுக்கிலிருந்து வெளியே வந்து தொட்டியின் நீளம் முழுக்கப் போய்வந்தது. வால் நுனியில் கண்ணாடி போலப் புதுச் சவ்வு வளர ஆரம்பித்தது. ஒரு நாள் காலை தண்ணீர் மேலே சின்னச் சின்ன நுரைக் குமிழிகளாக ஒரு கூடு கட்டி வைத்திருந்தது. ஜெமிமா சொர்ணாம்பாளைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் குனிந்து நின்று வெகுநேரம் பார்த்தார்கள்.

கார்த்திகை பிறந்தது. மழை விடவில்லை. பாபநாசம் அணையிலிருந்து தண்ணீர் திறக்கிறார்கள், ஆற்றங்கரையில் இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று மைக் கட்டிய வண்டி கத்திக்கொண்டே போனது. கொக்கிரகுளம் பாலத்தில் நின்று பார்த்தவர்கள், ஆறு செம்மண் நிறத்தில் மரங்களை இழுத்துக்கொண்டு போகிறது என்றார்கள். வீட்டில் பின்னறைச் சுவரின் ஈரக்கறை மேலே ஏறி, பிளக் பாயிண்டைச் சுற்றிக்கொண்டு, அதையும் தாண்டிப் போயிருந்தது.

அன்று அலுவலகத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். காலையில் தண்ணீர் மாற்றினாள். கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கையை உள்ளே விட்டதும் இந்தத் தடவை தோள் வரை அடித்தது. மக் கைதவறித் தரையில் விழுந்து உருண்டது.

தொட்டிக்குள் பஞ்சும் பிளாஸ்டிக் குழாயும் மீனும் தவிர ஒன்றுமில்லை.

பம்பின் பிளக்கைப் பிடுங்கினாள். விரல் நுனியை வைத்தாள். இருந்தது. ஸ்டாண்டைத் தொட்டாள். அதிலும் இருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு, பயத்தில் முன்பே வாங்கி வைத்திருந்த டெஸ்டரை எடுத்து வந்தாள். ஸ்டாண்டில் வைத்தாள், சின்ன விளக்கு சிவந்தது. ஸ்டாண்டை ஒரு கட்டையால் சுவரிலிருந்து தள்ளிவிட்டு வைத்தாள், அணைந்தது. பிறகு டெஸ்டரை வெறும் சுவரில், ஈரக்கறையின் நடுவில் வைத்தாள். சிவந்தது.

அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். மாடித் தொட்டி நிறைந்து மேலே மோட்டாரை யாரோ நிறுத்தினார்கள். டெஸ்டரில் விளக்கு பொக்கென்று அணைந்தது.

சுவர் சாதாரணச் சுவராக இருந்தது. சுண்ணாம்பு, ஈரம், ஓரத்தில் ஒரு பழைய காலண்டர் ஆணி. அவளுக்கு அந்த அறைக்குள் நிற்கவே பிடிக்கவில்லை.

நெல்லையப்பனிடம் சொல்வதற்கு மாடிப்படியில் ஏறும்போதே வார்த்தைகளை அடுக்கிக்கொண்டாள். "அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதிய" என்றுதான் ஆரம்பித்தாள். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு முழுவதும் கேட்டார்.

"இந்த வீட்ட நான் நின்னு கட்டுனேன்மா. ஒவ்வொரு பைப்பும் என் கண்ணு முன்னால பதிச்சது. இத்தன வருசத்துல ஒரு பல்பு வெடிச்சதில்ல. நீ எப்பம் அந்தத் தொட்டிய வச்சே?"

"போன மாசம், அண்ணாச்சி."

"அதுக்கு முன்னால ஷாக் அடிச்சுதா?"

"இல்ல."

"பொறவு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்கைச் சரிபார்த்து முடித்தவர் போலச் சொன்னார். கீழே வந்து, ரப்பர் செருப்புக் காலோடு சுவரில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். மோட்டார் ஓடவில்லை, ஒன்றும் அடிக்கவில்லை. "தண்ணியக் கொண்டாந்து சுவரோட வச்சுக்கிட்டு, சுவரக் கொற சொன்னா எப்படி? மொதல்ல இத எடு."

மோட்டார் ஓடும்போது பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் படியேறிவிட்டார். பின்னால் நின்ற சொர்ணாம்பாள் கண்ணால் கெஞ்சினாள்: விடு, அவுக குணம் தெரியுமில்லா.

தொட்டியை முன்னறைக்கு மாற்றினாள். பிளாஸ்டிக் ஸ்டூல் மேல், சன்னலை ஒட்டி, காய்ந்த சுவர்ப் பக்கமாக. அடுக்களைப் பாயிண்டிலிருந்து நீள வயர் போட்டு பம்புக்குக் கரண்டு இழுத்தாள். மோட்டார் ஓடும்போது கையை விட்டுப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. மீன் அன்று சாயங்காலமே வாலை விரித்துக்கொண்டு திரிந்தது. நடந்தது அதோடு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பின்னறைக் கதவைச் சாத்திவிட்டால் அவளுக்கும் ஆபத்தில்லை, மீனுக்கும் ஆபத்தில்லை, அண்ணாச்சிக்கும் மனவருத்தமில்லை. இதுவரை இருந்த வீடுகளிலெல்லாம் அவள் இப்படித்தான் செய்திருந்தாள்: தன்னை மட்டும் நகர்த்திக்கொள்வது.

மறுநாள் காலை மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஜெமிமா அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். கிணற்று மோட்டார் ஓட ஆரம்பித்தது. புறவாசலில் வாளியை வைக்கிற சத்தம் கேட்டது. சன்னல் வழியே பார்த்தாள். சொர்ணாம்பாள், குளித்த தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கணுக்கால் அளவு தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நின்று சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

துணி காயப்போடும் கம்பி அவள் தலைக்கு மேலே இருந்தது. ஒரு முனை மதிலில். மறு முனை, வீட்டுச் சுவரில் அடித்திருந்த இரும்புக் கொக்கியில். அது பின்னறைச் சுவர்தான் என்று ஜெமிமா அதுவரை யோசித்ததில்லை. கொக்கியைச் சுற்றிலும் சுவர் ஈரத்தில் கறுத்திருந்தது.

காலையில் கை ரெண்டும் மதமதன்னு மரத்துப் போவுது.

ஜெமிமா தோசைத் திருப்பியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"அக்கா, கம்பியத் தொடாதிய."

"என்னளா?"

"தொடாதிய. அப்படியே நில்லுங்க, கையக் கீழ எறக்குங்க."

சொர்ணாம்பாள் சிரித்தாள். "துணி காயப்போடாண்டாமா, மழை விட்ட நேரம் பாத்து." சேலையை இரண்டாக மடித்து வீசுவதற்குக் கையைத் தூக்கினாள்.

அவளைப் பிடித்து இழுக்கலாம். ஆனால் இழுக்கும் நேரத்துக்குள் சேலை கம்பியில் விழுந்துவிட்டால் இரண்டு பேரும் போய்விடுவார்கள். ஜெமிமா வீட்டுப் பக்கமாகத் திரும்பி, நடைவழியில் இருந்த மீட்டர் பெட்டியைத் திறந்து, மெயின் சுவிட்சைக் கீழே தள்ளி, பியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டாள். மோட்டார் சத்தம் நின்றது. புறவாசலுக்குத் திரும்பி ஓடினாள். சேலை கம்பியில் தொங்கியது. அதன் கீழே சொர்ணாம்பாள் ஒரு மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை.

"சுருக்குன்னு இழுத்துது ஜெமிமா. இப்பம் விட்டுட்டு" என்றாள்.

மாடிப்படியில் நெல்லையப்பன் இறங்கி வந்தார். யார் மெயினை அணைத்தது என்று கேட்டார். நான்தான் என்றாள் ஜெமிமா. பியூஸ் கட்டையைக் கேட்டு அவர் கையை நீட்டினார்.

"தரமாட்டேன் அண்ணாச்சி."

அவர் சரியாகக் கேட்காதவர் போல நின்றார்.

"ஆளக் கூட்டிட்டு வந்து பாருங்க. பாத்து முடிக்க வரைக்கும் இது என் கையிலதான் இருக்கும்."

"யார் வீட்டுல வந்து யாரு நாட்டாமை பண்ணுதது? ஒரு மீனுக்காகக் குடியிருக்க எடத்துல இம்புட்டு ஆட்டமா?" அவர் குரல் தெருவரை போனது. அக்கம்பக்கத்துச் சன்னல்கள் திறந்தன. "தை மாசத்துக்குள்ள வேற வீடு பாத்துக்கிடு. கேட்டியா?"

"பாத்துக்கிடுதேன். இப்பம் ஆளக் கூப்பிடுங்க."

தன் குரல் நடுங்குவது அவளுக்கே கேட்டது. ஆனால் நிற்கவில்லை. கையில் பியூஸ் கட்டையின் பீங்கான் வழுவழுப்பாக, வியர்வையில் நனைந்து இருந்தது. பிடியை விடாமல் அடுத்த வீட்டு மதிலோரம் போய் "அண்ணாச்சி" என்று கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுப் பிச்சைக்கண்ணு எட்டிப்பார்த்தார். ஒரு வருஷமாக இந்த வீட்டோடு அவருக்குப் பேச்சு கிடையாது. போன மழைக்காலத்தில் நெல்லையப்பனுடைய நாய் புறவாசலில் செத்துக்கிடந்தது; குரைப்பு பொறுக்காமல் பிச்சைக்கண்ணுதான் மருந்து வைத்துவிட்டார் என்று நெல்லையப்பன் தெருவில் நின்று சொல்லியிருந்தார். அதெல்லாம் ஜெமிமா குடிவருவதற்கு முன் நடந்தது. தெரிந்தும் இதுவரை அவள் அதில் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

"யாராவது வயரிங் பாக்குத ஆளுக்குப் போன் போடுவியளா? சுவர்ல கரண்டு வருது" என்றாள்.

பிச்சைக்கண்ணு அவளையும், பின்னால் நின்ற நெல்லையப்பனையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

முத்துமாலை என்ற எலக்ட்ரீசியன் வந்து சேர மதியமாகிவிட்டது. ரோடெல்லாம் தண்ணீர். அதுவரை நெல்லையப்பன் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். ஜெமிமா மீட்டர் பெட்டிக்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மழை திரும்பவும் கனத்தது. சொர்ணாம்பாள் கீழே வரவில்லை.  தான் நினைத்தது தவறாக இருந்தால் என்ன ஆகும் என்று ஜெமிமா யோசித்தாள். சரியாக இருந்தால் என்ன ஆகும் என்பதை யோசிக்க முடியவில்லை.

மாடியிலிருந்து இரண்டு பேரும் இறங்கி வந்து நிற்க, முத்துமாலை கம்பியை அவிழ்த்துவிட்டு, கொக்கியைச் சுற்றிச் சுவரை உளியால் கொத்தினான். காரை ஈரமண்ணாக விழுந்தது. உள்ளே பிளாஸ்டிக் குழாய் தெரிந்தது. கொக்கியின் கூர்முனை அந்தக் குழாயைத் துளைத்து உள்ளே போயிருந்தது. குழாயை உடைத்தான். மோட்டாருக்குப் போகும் வயரின் மேல்தோல் கருகி, ஒரு விரல் நீளத்துக்குச் செம்பு தெரிந்தது. வீட்டின் எர்த் கம்பி எங்கே என்று தேடிப் பார்த்தான். புறவாசல் மூலையில் துருப்பிடித்து அற்றுக் கிடந்தது.

"கொக்கிய எப்பம் அடிச்சிய?" என்று கேட்டான்.

"ரெண்டு வருசமிருக்கும்" என்றார் நெல்லையப்பன். பிறகு, யாரும் கேட்காமலே, "நாந்தான் அடிச்சேன்" என்றார்.

"நாள்பட நாள்பட வயர உரசி உரசித் தின்னுருக்கு. இந்தத் தண்ணிக்குள்ள நின்னு யாராவது கம்பிய நல்லாப் பிடிச்சிருந்தா..." முத்துமாலை உளியைக் கீழே வைத்தான். 

சொர்ணாம்பாள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் நூல் போல ஒரு சிவப்புக் கோடு இருந்தது.

"நாய் இங்கனதான கெடந்துச்சு" என்றாள் மெதுவாக. "இந்தக் கொடிக்கு நேர் கீழ. ஈரத்துண்டு ஒண்ணு தொங்குச்சு. அத வாயால பிடிச்சு இழுத்துக்கிட்டே கெடக்கும் அது எப்பவும்."

 மதிலுக்கு அந்தப்பக்கம் நின்ற பிச்சைக்கண்ணு உள்ளே போய்விட்டார். அவர் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நெல்லையப்பன் மதிலைப் பார்த்தபடியே மழையில் நின்றார்.

வயரிங் முழுவதையும் மாற்றினார்கள். கசிவு வந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச் ஒன்றை வைத்தார்கள். எர்த்துக்குப் புதிதாகக் குழி தோண்டினார்கள். சொர்ணாம்பாளின் கைமரப்பு வர வரக் குறைந்தது. ஆனால் புறவாசலில் துணி காயப்போட அவள் திரும்பப் போகவில்லை. நெல்லையப்பன் மார்கழியில் ஒருநாள் பிச்சைக்கண்ணுவின் வீட்டுக்குப் போனார். கேட்டுக்கு வெளியே நின்று வெகுநேரம் பேசினார். கேட் திறந்ததா என்று ஜெமிமா பார்க்கவில்லை. அவர் திரும்பி வரும்போது ஒரே நாளில் வயது கூடியவர் போல நடந்தார்.

வீட்டைக் காலி செய்யச் சொன்னதைப் பற்றி அவர் திரும்பப் பேசவில்லை. வேண்டாம், இரு என்றும் சொல்லவில்லை. படியில் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பார். பார்வை அவள் கைக்குப் போகும், உடனே வேறு பக்கம் திரும்பும். தை பிறந்ததும் ஜெமிமாவே மாடிக்குப் போனாள். "தப்பா எடுத்துக்கிடாதிய" என்று இந்தத் தடவை ஆரம்பிக்கவில்லை.

"அண்ணாச்சி, நான் இருக்கட்டுமா, போவட்டுமா? ஒரு வார்த்தை சொல்லிருங்க."

 உள்ளிருந்து சொர்ணாம்பாள் வந்து வாசற்படியில் நின்றாள். 

"இரு" என்றார். பிறகு, "உனக்கு வேற என்னமும் தப்பாத் தெரிஞ்சா, மொதல்ல எங்கிட்டச் சொல்லிரு" என்றார்.

"சொல்லுதேன்" என்றாள். அப்படியே நின்று, "மாடித் தொட்டிக்குப் போற படியில கைப்பிடி ஆடுது. போன வாரமே பாத்தேன்" என்றாள்.

நெல்லையப்பன் எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, அதைப் பார்ப்பதற்கு அவளோடு மொட்டை மாடிக்கு ஏறினார்.